குணமாகவில்லை என்று சொல்ல ஓர் இடம்

சாட்சி நேரத்தில் என் மனைவி எழுந்து நின்றதும் பாஸ்டர் சிரித்த முகத்தோடு மைக்கை அவளிடம் அனுப்பி வைத்தார். அவள் பேசினால் சபையே கண் கலங்கும் என்று அவருக்குத் தெரியும். முந்தின வருடம் அதே இடத்தில் நின்றுதான், தனக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்ததையும், கர்த்தர் அதைப் பூரணமாகக் குணமாக்கியதையும் அவள் சொன்னாள். அன்றைக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

இந்த முறை அவள், "போன வருசம் இதே எடத்துல நின்னு எனக்கு சரியாப் போச்சுன்னு சொன்னேன். சரியாவல. திரும்ப வந்துகீது" என்றாள். அடுத்துச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டார்கள். கீபோர்டு வாசிக்கிறவருக்கு யார் ஜாடை காட்டினார்களோ, ஒரு துதிப்பாட்டு ஆரம்பமானது. எல்லோரும் எழுந்து பாடினார்கள். நான் ஆண்கள் பக்கம் இருந்தேன். கைகளைத் தூக்கிப் பாடிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் அவள் செத்த மைக்கில் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு மைக்கை நாற்காலிமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். குனிய முடியாததால் காலாலேயே மற்றவர்களின் செருப்புகளைத் தள்ளித் தள்ளித் தேடினாள். நான் எடுத்துப் போட்டேன். அந்தச் சபைக்கு நாங்கள் போனது அதுதான் கடைசி.

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். பிறந்தது பிள்ளைப்பாக்கம். எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு அண்ணன் தம்பி மூன்று பேரும் ஆளுக்கொரு கம்பெனியில் ஏதோ ஒரு வேலைக்குப் போனோம். என் மனைவி மண்ணூர்க்காரி. கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் லைனில் நின்றாள். இரண்டு கரு கலைந்து அவள் யாரிடமும் பேசாமல் இருந்த நாட்களில், கூட வேலை செய்த ஒரு பெண் அவளை மெயின் ரோட்டில் இருந்த அந்தச் சபைக்குக் கூட்டிப்போனாள். தகரக் கூரை போட்ட பெரிய கூடம். அடுத்த வருடம் எங்கள் மகள் பிறந்தாள். நானும் பின்னாலேயே போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டேன். என் அண்ணன்கள் கொஞ்ச காலம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பேசினார்கள்.

அந்தச் சபையை நான் குறை சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஷிஃப்டில் இருந்த நாட்களில் எங்கள் மகளுக்குச் சோறு போட்டவர்கள் சபைக்காரர்கள். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குக் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்த வாரங்களில் முறை போட்டுக்கொண்டு கஞ்சி கொண்டு வந்தார்கள். ஒருநாள் கொட்டுகிற மழையில் பாஸ்டரே பைக்கில் வந்தார். சட்டையைப் பிழிந்துவிட்டு, அவள் கட்டிலருகே முட்டி போட்டு அழுது ஜெபித்தார். அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சிகிச்சை முடிந்ததும் டாக்டர், இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். பாஸ்டர் அந்த ஞாயிறே சாட்சி சொல்லச் சொன்னார். அவள் தயங்கினாள். டாக்டர் இன்னும் முடிந்ததென்று சொல்லவில்லையே என்று என்னிடம் கேட்டாள். "கர்த்தர் செஞ்சத சொல்றதுக்கு இன்னா யோசன?" என்று நான்தான் அவளை எழுப்பி அனுப்பினேன்.

அவள் பேசியதை வீடியோ எடுத்து, பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு இணையத்தில் ஏற்றினார்கள். அது எங்கெங்கோ போனது. அவளும் தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினாள். அதற்குப் பிறகு செக்கப்புக்குப் போவது என்னவோ பொய் சொல்வதுபோல ஆகிவிட்டது. போக வேண்டாமென்று பாஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை. விசுவாசத்தில் நில்லுங்கள் என்றார், அவ்வளவுதான். முதல் தடவை என் ஷிஃப்டால் தவறியது. இரண்டாம் தடவை தெரிந்தே போகவில்லை. மூன்றாம் தடவை வருவதற்குள் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. இரண்டு மாதம் என்னிடம்கூடச் சொல்லாமல் துணியை மறைத்துத் துவைத்திருக்கிறாள். பிறகு போனபோது டாக்டர் திட்டவில்லை. பழைய ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி வலிக்கு மருந்து தரலாம் என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

அந்த வாரம்தான் ஒரு பெண் அவளுக்குப் போன் செய்தாள். எங்கள் சபைக்கு வருகிறவள். தென்மாவட்டத்தில் அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்தவள். சேரப்பணஞ்சேரியில் இரண்டு பெண்களோடு ஒரே அறையில் தங்கி, என் பஸ்ஸில்தான் காலை ஏ ஷிஃப்டுக்குப் போவாள். மார்பில் ஒரு கட்டி இருந்ததாம். ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்க்க நாள் குறித்திருந்தார்களாம். என் மனைவியின் வீடியோவைப் பார்த்துவிட்டுப் போகாமல் ஜெபத்தில் காத்திருப்பதாகவும், உங்களால்தான் எனக்குத் தைரியம் வந்தது என்றும் நன்றி சொன்னாள். என் மனைவி அவளிடம் தன் நிலைமையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு லைனுக்குப் போக மணி அடித்துவிட்டது.

போனை மடியில் வைத்துவிட்டு என் மனைவி, "எனக்கு ஆனது ஆவட்டும். அந்தப் பொண்ணு என்னப் பாத்துகினு நிக்குது" என்றாள். எந்த இடத்தில் நின்று அதைச் சொன்னாளோ அதே இடத்தில் நின்று மாற்றிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். மைக்கை அணைத்தது அந்த ஞாயிறுதான்.

செவ்வாய்க்கிழமை பாஸ்டரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொல்லி என் மனைவி கேட்டாள்.

"சிஸ்டர், அது உங்க சாட்சி இல்ல, தேவனோட சாட்சி" என்றார் பாஸ்டர். "அத எடுக்க உங்களுக்கும் உரிமையில்ல, எனக்கும் உரிமையில்ல. அதப் பாத்து எத்தனை பேர் தைரியமா இருக்காங்க தெரியுமா?"

"அதான் பாஸ்டர் பயமா கீது" என்றாள் அவள்.

அவர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். முன்பு சொன்ன வாயின் அறிக்கையை மாற்றாதபடி இந்தச் சகோதரியைக் காத்துக்கொள்ளும் என்று ஜெபத்துக்குள்ளேயே எங்களுக்குப் பதில் சொன்னார். ஆமென் சொல்லாமல் நான் எழுந்து வெளியே போனேன்.

மறுநாள் அவளை ஆட்டோவில் வைத்து சேரப்பணஞ்சேரிக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அந்த ஞாயிறு அவள் ஷிஃப்டில் இருந்ததால், சபையில் நடந்ததை அவளுக்கு வேறு விதமாகச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி விசுவாசத்தைவிட்டு விழுந்துவிட்டாள், அதனால் நோய் திரும்பியது என்று. இவள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினாள். அந்தப் பெண் கண் நிறைய நீரோடு கேட்டாள்: "எனக்கிருக்கது அந்த ஒரு நம்பிக்கதான்க்கா. அதயும் வந்து பிடுங்கப் போறியளா?" அதற்கு மேல் என் மனைவியால் நிற்க முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் பஸ்ஸில் எனக்கு முகம் தெரியாதபடி கடைசி வரிசையில் உட்கார ஆரம்பித்தாள்.

என் மனைவிக்கு இன்னொரு சபை வேண்டும் என்றானது அப்போதுதான். வீட்டில் உட்கார்ந்து சொன்னால் அது விழுந்துபோனவள் புலம்பல். ஒரு சபை நடுவில் நின்று சொன்னால் சாட்சி. அவள் அப்படித்தான் நினைத்தாள். எனக்கு வேண்டியது வேறு. சபையில்லாதவளைப் புதைக்க இங்கே இடமில்லை. எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் நம் முறைப்படி எல்லாம் செய்துவிடலாம் என்று பெரியண்ணன் தாராளமாகச் சொன்னார். அவளுக்கு அது வேண்டாம். ஆக அவள் பேச இடம் தேடினாள், நான் குழிக்கு இடம் தேடினேன். என் தேடலை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும்.

பஸ் ஓட்டுகிறவனுக்கு ரோட்டிலுள்ள சபை போர்டு எல்லாம் மனப்பாடம். ஒரகடம் பக்கம் ஒரு பெரிய சபைக்கு முதலில் போனோம். குளிர்பதனக் கூடம், மேடைக்குப் பின்னால் சுவரளவு திரை. வாசலில் அன்பாக வரவேற்று ஒரு படிவம் கொடுத்தார்கள். சாட்சி சொல்ல விரும்பினால் முன்கூட்டியே எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டுமாம். அவள் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். படித்த தம்பி சங்கடத்தோடு நிமிர்ந்து, குணமான பிறகு வந்து சொல்லுங்கள் அக்கா என்றான். அவளால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. அங்கே ஆராதனை மூன்று மணி நேரம். பாதியில் எழுந்தபோது நாற்காலியின் உறையில் கறை இருந்தது. அவள் தன் துப்பட்டாவை அதன்மேல் போட்டு, உறையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதைத் துவைத்து என்னிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

மாதா கோயிலுக்கும் போனோம். அங்கே அமைதியாக இருந்தது. ஃபாதர் உட்கார வைத்து முழுவதும் கேட்டார். பூசையில் யாரும் எழுந்து பேசுவது எங்கள் வழக்கமில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். சேருவதென்றால் பல மாதம் வகுப்புக்கு வர வேண்டும். எத்தனை மாதம் என்று நான் கேட்டேன். அவர் அவளைப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் ஜெபம் செய்தார்.

மண்ணூரில் ஒரு வீட்டுச் சபை. பத்துப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே பேச விடுவார்கள் என்று நம்பினோம். விட்டார்கள். அவள் பேசி முடித்ததும் நடத்துகிறவர், அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா, கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது நடந்ததா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், ஏதாவது இருக்குமோ என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளைத் தூக்காத குறையாக வெளியே கொண்டு வந்தேன். ஆட்டோவில் வரும்போது, "நானே ஏதாச்சும் செஞ்சி மறந்துட்டனா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குக் கடவுள்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கேட்டு வாங்கி ஓ.டி. பார்த்தேன். வீட்டில் இருந்தால் எங்கே போகலாம் என்பாள். வலி மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் வலி அடங்குகிற இரண்டு மணி நேரத்தை அவள் சபை தேடத்தான் வைத்திருந்தாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, கல்லூரி போகிற எங்கள் மகள் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அம்மா புடவை கட்டி, பைபிளை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்புக்குத் தனியாகப் போய், அங்கேயே உட்கார்ந்து எழ முடியாமல் இருந்தாளாம். யாரோ கூட்டி வந்து விட்டிருக்கிறார்கள். அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நாலு நாள் சாப்பிடவில்லை.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு கோயில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம், பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் ஓட்டுவேன். எல்லாச் சபையையும் தேடிய நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது காலனிக்குள் இருந்தது. கிறிஸ்தவனாகிப் பதினெட்டு வருடம் ஆகியும், அது நமக்கான கோயில் இல்லை என்ற நினைப்பு எனக்குள் அப்படியே இருந்தது. நினைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. கண்ணே அந்தப் பக்கம் போகாது.

மகள்தான் கேட்டாள்: "அங்க ஏம்ப்பா போகல?" மறுநாள் அவளே அங்கே போய் விவரத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அங்கே ஆயர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்று ஊர்க் கோயில்களை ஸ்கூட்டரில் ஓடி ஓடிப் பார்ப்பவர். ஆயரம்மா என்று கூப்பிடுவார்கள். அவரே வீட்டுக்கு வந்து கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என் மனைவி, ரெண்டு நிமிசம் சபையில் பேச வேண்டும் என்றாள். என்ன பேச வேண்டும் என்று ஆயரம்மா கேட்டார்.

"எனக்குக் குணமாவலன்னு."

ஆயரம்மா ஸ்டூலை இன்னும் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கெழம ஒன்பது மணிக்கு ஆரம்பிப்போம். உங்களால எப்ப உக்கார முடியுமோ அப்ப வாங்க. வந்ததும் பேசுங்க, காத்திருக்க வேணாம்" என்றார்.

அந்த ஞாயிறு போனோம். முப்பது பேர் இருந்திருப்பார்கள். மைக் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினாள். டாக்டர் வரச் சொன்னதையும் போகாததையும், ரத்தத்தை மறைத்ததையும், என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு சொன்னாள். கடைசியாக, "நான் ஜெபம் பண்றத நிறுத்தல. ஆனா எனக்குக் குணமாவல. கட்டி கிட்டி இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஜெபம் பண்ணிக்கினே போங்க" என்றாள். மகள் அதைப் போனில் பதிவு செய்தாள்.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. யாரும் அழவும் இல்லை. ஆயரம்மா நன்றி என்று சொல்லிவிட்டு, ஏதோ ஒரு கல்யாண அறிவிப்பை வாசித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, அவளுக்குக் கஞ்சி இறங்குகிறதா என்று கேட்டாள். அப்போதுதான் என் மனைவி அழுதாள்.

பழைய வீடியோவை அனுப்பிய எல்லா எண்களுக்கும் அவள் இதை அனுப்பினாள். பலர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். சிலர் திட்டி எழுதினார்கள். அந்தப் பெண் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து என் பஸ்ஸில் அவளைக் காணவில்லை. கூட இருந்தவர்களைக் கேட்டதற்கு, லீவு போட்டு ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அக்குள் வரை பரவிவிட்டதாம், ஆனாலும் மருந்து ஏற்றுகிறார்களாம். "பாத்தேன்க்கா" என்று ஒரே வார்த்தை என் மனைவிக்கு வந்தது. அவள் அதை எனக்கு மூன்று தடவை காட்டினாள்.

குழிக்கு நான் கேட்டது அதற்குப் பிறகுதான். கோயில் கமிட்டிதான் முடிவு செய்ய வேண்டும் என்றார் ஆயரம்மா. கமிட்டிச் செயலாளர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். அவர் வீட்டில் நான் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை.

"இத்தினி வருசமா இந்த ரோட்டுல தான பஸ் ஓட்டிகினு போற?" என்று கேட்டார். "ஒரு நாளாவது எறங்கி உள்ள வந்துகிறியா? இப்ப குழிக்கு எடம் வேணும்னதும்தான் நாங்க கண்ணுக்குத் தெரியறமா?"

தப்புதான் என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

என் மனைவி ஒரு வியாழக்கிழமை காலையில், மகள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது இறந்தாள். ஆயரம்மாவுக்குப் போன் செய்த கால் மணி நேரத்தில் செயலாளரிடமிருந்து அழைப்பு வந்தது. குழி வெட்ட ஆள் அனுப்பியிருக்கிறேன், எத்தனை மணிக்கு எடுக்கப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். பழைய சபையிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். பாஸ்டர் வரவில்லை. பெரியண்ணன் காலனிக்குள் வராமல் ரோட்டிலேயே நின்றுவிட்டார். சின்னண்ணன் மட்டும் உள்ளே வந்து மண் போட்டார்.

அந்த முதல் வீடியோ இன்னும் இணையத்தில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி நானும் மகளும் எழுதிப் பார்த்துவிட்டோம். கீழே புதிது புதிதாக ஆட்கள் ஆமென் போடுகிறார்கள்.

ஷிஃப்ட் இல்லாத ஞாயிறுகளில் அந்த ஓட்டுக் கோயிலுக்குப் போகிறேன். கடைசி பெஞ்சில் உட்காருவேன். ஜெபிக்க வருவதில்லை. எல்லோரும் கண்ணை மூடுகிறபோது நானும் மூடுவேன். உள்ளே ஒன்றும் இருக்காது. உறுப்பினர் படிவத்தை ஆயரம்மா கொடுத்து வைத்திருக்கிறார். இன்னும் நிரப்பவில்லை.

போன மாதம், ஆயரம்மாவை வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று அறிவித்தார்கள். அடுத்து வருகிறவர் யாரென்று தெரியாதாம். வெளியே வந்ததும் செயலாளரைப் பிடித்துக்கொண்டு, யாரைக் கேட்டு மாற்றினார்கள், மூன்று ஊர் ஜனமும் போய் மறியல் செய்தால் என்ன என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் மெம்பரே ஆவல. அதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டியா?" என்றார். பிறகு, தன் வீட்டில் டீ போட்டிருப்பார்கள், வா என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.